கொரோனா மலையகத்தைத் தொடவில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஆகஸ்ட் 4

"கொரோனா காலத்தில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தோட்டத்தில் மட்டும் வேலை நடந்தது. பெரட்டுக்குப் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனார்கள், பேர் (நாள் வேலைக் கணக்கு) விழுந்தது, சம்பளம் வந்தது. கொழும்பு மாதிரிச் சாவும் இல்லை. மலையகம் தப்பிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்."

ஆகஸ்ட் 4, இரவு

மறுப்பு உண்டு. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன்.

வேலை நடந்தது உண்மை. 2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். தேயிலைக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதை மட்டும் பார்த்தால் தப்பியது போலத்தான் தெரியும். ஆனால் ஒரு தோட்டத்து வீடு எந்தக் காசில் ஓடுகிறது? அன்றைக்கு நாட்சம்பளம் அடிப்படை 700 ரூபாய், மேலே ஒரு 50. அரசாங்கமே 2019 இல் எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் தோட்டத்துறையின் வறுமை 33.8 வீதம், நாடு முழுவதற்கும் 14.3 வீதம். நோய் வருவதற்கு முந்திய கணக்கு இது.

சம்பளம் எட்டாத இடத்தை நிரப்பியது கொழும்புக் காசு. மகன் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்பான், மகள் கட்டுநாயக்காவில் தையல் மெஷினில் இருப்பாள், அக்காவோ சித்தியோ யாரோ ஒரு வீட்டில் சமைத்துக்கொடுப்பார். மாதம் முடிய ஐயாயிரமோ பத்தாயிரமோ வரும். கடைக் கணக்கு, சீட்டு, அடகு வட்டி எல்லாம் அதில்தான் அடைபடும். ஊரடங்கு விழுந்ததும் அது நின்றது. அனுப்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கே அங்கே சோறு இல்லை என்று தெரிந்தபோது, இங்கிருந்து அம்மாமார் அவர்கள் போனுக்கு ரீலோட் காசு போட்டு விட்டார்கள். காசு ஓடும் திசையே மாறிவிட்டது. சம்பளம் வந்தது என்று நீங்கள் சொல்வது வீட்டுக் கணக்கில் பாதிதான்.

ஆகஸ்ட் 5

கொட்டகலைத் தம்பி, அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் கிடைக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிலருக்குக் கிடைத்தது. சிலரை, "தோட்டத்தில் பேர் பதிந்த ஆள், மாதச் சம்பளம் இருக்கிறது" என்று திருப்பிவிட்டார்கள். பேர் பதிந்த ஒருவரின் சம்பளத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்த வீடும் அதில் உண்டு. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 7

சாவு இல்லை என்றதைப் பற்றி. 2020 நடுப்பகுதி வரை நம் பக்கம் அமைதியாகத்தான் இருந்தது. ஒக்டோபரில் மினுவாங்கொட கொத்தணி (ஓரிடத்திலிருந்து பரவிய தொற்றுக் கூட்டம்) வந்தது, பின்னால் பேலியகொட மீன் சந்தைக் கொத்தணி வந்தது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. கொழும்பில் வேலையில்லாமல் இருந்த பிள்ளைகள் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவார்கள்? வந்தார்கள். வந்ததைக் குற்றம்போலப் பேசியவர்களை அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

பணிய (கீழ்) லயத்துத் தொங்க (கடைசி) வீட்டுப் பையன் ஒருவன் மரக்கறி லொறியில் ஏறி இரவோடு வந்து சேர்ந்தான். புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் வேலை. லயத்தில் நுழைய விடவில்லை. விடாதது பொலிஸ் இல்லை, நாங்கள்தான், அதாவது அக்கம்பக்கத்து ஆள்கள். மேலே மாட்டுக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்தான். அவனுடைய அம்மா பெரட்டுக்குப் போகும் முன் ரொட்டியும் சம்பலும் ஒரு மூடிச் சட்டியில் வைத்து மதகுக் கல்லில் வைப்பார். பத்தடி பின்னால் வந்து நின்று, அவன் இறங்கி வந்து எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவார். காலை நேரத்தில் அந்த வழியாகப் போன எல்லோரும் அதைப் பார்த்தோம். பையனுக்கு நோய் இருக்கவில்லை. அந்த மாட்டுக் கொட்டகையில் அவன் படுத்த குளிரை மஸ்கெலியாவின் நவம்பர் தெரிந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

நோய் வந்த வீடுகளும் இருந்தன. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கதவில் தாள் ஒட்டுவார், "வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்." நமது லயத்தில் வீடு என்றால் என்ன? ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் முதுகோடு முதுகாக இன்னொரு குடும்பம். சுவர் ஒன்று, கூரை ஒன்று. ஒருவர் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். கக்கூஸ் தள்ளி இருக்கிறது. தாள் ஒட்டிய வீட்டுக்காரர் தண்ணீருக்கு எப்படிப் போவது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை. கடைசியில் முழு லயத்தையும் மூடினார்கள். 14 நாள் பேர் இல்லை. 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதி கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சில வீடுகளுக்கு அது வந்தபோது லயத்தைத் திறந்தாயிற்று.

ஆகஸ்ட் 8

மேலே எழுதியதை வாசித்துவிட்டு, "உங்கள் ஆள்களே இரக்கம் இல்லாமல் இருந்தார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வார்த்தையை நான் ஏற்க மாட்டேன். பயந்தார்கள். பயப்படக் காரணமும் இருந்தது: ஒரு காம்பராவுக்கு வந்தால் இருபது காம்பராவுக்கும் பேர் போகும். காம்பராவுக்குக் காம்பரா தனிச் சுவரும் தனித் தண்ணீரும் இருந்த வீட்டுத் திட்டங்களில் அவரவர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள், சண்டை இல்லை. லயத்தில்தான் ஆளை ஆள் விரட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொற்றுக்குப் பழக்கமில்லாத சனம் இல்லை நாம். அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். யாரும் உள்ளே போக மாட்டார்கள். ஆனால் மோரும் இளநீரும் வாசலுக்கு வரும், பக்கத்து வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை பழையபடி விளையாடப் போய்விடும். அந்த ஒழுங்கில் ஒதுக்கமும் இருந்தது, கவனிப்பும் இருந்தது, ஒதுக்கம் முடிகிற நாளும் இருந்தது. கொவிட்டில் முடிகிற நாள் இருக்கவில்லை. 2021 ஜனவரியில் பாடசாலை திறந்தபோது, சுகமாகி ஆறு வாரம் கழிந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் என் வகுப்பில் யாரும் உட்கார மறுத்தார்கள். நான் என் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின் மேசையில் உட்கார்ந்து கொப்பி திருத்தினேன். ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டு பெண்பிள்ளைகள் வந்து, "டீச்சர், எழும்புங்க, அது எங்க இடம்" என்றார்கள்.

ஆகஸ்ட் 11, நீளமாக எழுதப் போகிறேன்

என்னை அதிகம் உலுக்கியது கேதம்தான். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் வேலை அரை நாளோடு நிற்கும். தப்பு (பறை) அடிக்கும். மரண உதவிச் சங்கத்தின் கொப்பி திறக்கும், ஒவ்வொரு வீட்டுக் காசும் சேரும், குழி வெட்ட இளைஞர்கள் முறை போட்டுப் போவார்கள். ஒருவர் பாய் கொண்டு வருவார், ஒருவர் அடுப்பு மூட்டுவார். பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் கேதத்தில் பேசிக்கொள்ளும். நமக்கு அரசாங்கம் செய்யாததை நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அது அறுந்தது. நோயால் செத்தவர்களுக்கு மட்டும் இல்லை. முதுமையில் செத்த, மாரடைப்பில் செத்த ஆள்களுக்கும் பி.சி.ஆர். முடிவு வரும்வரை பிரேதம் கைக்கு வராது. வந்தாலும் இத்தனை பேருக்கு மேல் கூடாது. எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒரு கிழவி இறந்தார். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) ஆயாவாக இருந்தவர். இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் பாதிப் பேரைத் தொட்டிலில் ஆட்டியவர். அவரைத் தூக்க நாலு பேர், பின்னால் நாலு பேர். மற்றவர்கள் அவரவர் இஸ்தோப்பில் நின்று பார்த்தோம். தப்பு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சத்தம் கேட்டால் ஆள் கூடும் என்று. தப்பு அடிப்பவர் வீட்டு வாசலில் தப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2020 மே 26 இல் மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் காலமானார்; அவர் இறந்தது கொவிட்டால் அல்ல. மே 31 நோர்வூட் மைதானத்தில் இறுதிக்கிரியை, அந்த நாள்களில் நுவரெலியா மாவட்டத்துக்கு ஊரடங்கு. அரசியலில் அவரோடு ஒத்துப்போனவர்களும் போகாதவர்களும் வழிநெடுக நிற்க நினைத்தார்கள். அமைச்சராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால் ஆயாவுக்கு யார் வருவார் என்று அப்பா சொன்னார்.

கொழும்பில் இறந்தவர்களைக் கொண்டுவரவே முடியவில்லை. அங்கேயே எரித்தார்கள். எங்கள் தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம். இடுகாட்டில் நாலு தலைமுறை கிடக்கிறது. கருமாதிக்கு வைக்க ஒரு போட்டோதான் இருந்தது, அதுவும் அடையாள அட்டைப் போட்டோ.

ஆகஸ்ட் 12

கம்பளையிலிருந்து எழுதிய முஸ்லிம் சகோதரருக்கு. "உங்களுக்குப் போட்டோவாவது இருந்தது, எங்களுக்கு மதக் கடமையையே எரித்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியில் (அரசிதழில்) கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். கம்பளையில் இறந்தவரின் பிரேதம் மட்டக்களப்பு மாவட்டம் வரை போக வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு போக 2022 மார்ச் ஆனது. போன மாதம் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டிருக்கிறது. கபுறைப் (அடக்கம் செய்த குழியைப்) போய்ப் பார்க்க இன்றைக்கும் வாகனம் பிடித்து ஓட்டமாவடி போகிற குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எந்த அளவுக்கு ஆறுதல் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மலையக நகரங்களில் முஸ்லிம் கடைக்காரரும் தோட்டத்துத் தமிழரும் கடன் கொப்பி வழியாகத் தலைமுறையாகப் பழகியவர்கள். அந்த மாதங்களில் முஸ்லிம்தான் நோயைப் பரப்பினார் என்ற பேச்சு நம் லயங்களுக்குள்ளும் கைத்தொலைபேசி வழியாக வந்தது. அதே கடைக்காரர் ஊரடங்கில் மாவும் பருப்பும் கடனுக்குக் கொடுத்து அனுப்பியதை வைத்துத்தான் எங்கள் டிவிசன் சாப்பிட்டது. வதந்தியைப் பரப்பியவர்களிடம் அதை நான் முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஆகஸ்ட் 17

பாடசாலை. இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

2020 மார்ச் 13 முதல் மூடல். ஜூலையில் கட்டம் கட்டமாகத் திறப்பு, ஒக்டோபரில் மூடல், ஜனவரியில் திறப்பு, 2021 ஏப்ரல் கடைசியில் திரும்பவும் மூடல். 200 பேருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளை 2021 ஒக்டோபர் 21 இல்தான் திறந்தார்கள்.

இடையில் வட்ஸ்அப் பாடம். வீட்டில் ஒரு போன், அது அண்ணனுடையது, அல்லது அப்பா பெரட்டுக்குக் கொண்டுபோவது. சிக்னல் லயத்தில் இல்லை, ஸ்டோருக்கு (தேயிலை ஆலைக்கு) மேலே உள்ள வளைவில்தான் உண்டு. பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வளைவுக்கு ஏறி, பாறையில் உட்கார்ந்து, மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு என் கணிதச் செயலட்டையைக் கொப்பியில் பார்த்து எழுதுவாள். விடைகளைப் படம் பிடித்து அனுப்புவாள். படத்தில் கொப்பியின் ஓரத்தில் அட்டைக் கடி இரத்தம் பட்டிருக்கும். நான் சிவப்புப் பேனைக் குறியை போனிலேயே போட்டுத் திருப்பி அனுப்புவேன். பிறகு டேட்டா தீர்ந்துவிடும். பிறகு நாங்கள் டீச்சர்மார் சேர்ந்து செயலட்டையைப் போட்டோகொப்பி எடுத்துத் தோட்டத்துக் கடையில் வைத்தோம். மா வாங்க வருகிறவர்கள் பிள்ளைக்கு எடுத்துப் போனார்கள்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கியது. கூடி நின்று கூவி விற்ற அந்த ஏலத்தை 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிய சில வாரத்துக்குள், இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்த நாட்டில் அவசரம் என்று நினைத்தால் எவ்வளவு சீக்கிரம் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஏலத்துக்குத் தேயிலை அனுப்பிய மலைகளில் பிள்ளைகளுக்கு ஒரு சிக்னல் கோபுரம் வரவில்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

2020 சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுவது) 2021 மார்ச்சில் நடந்தது. 2021 பரீட்சை 2022 மேயில் நடந்தது. வழக்கமாக டிசம்பரில் முடிய வேண்டியது. பரீட்சைக்குக் காத்திருந்த அந்த மாதங்களில்தான் பையன்கள் போனார்கள். "சும்மாதானே இருக்கிறான், மூன்று மாதம் கடையில் நிற்கட்டும்" என்று அம்மாமார் சொன்னார்கள். கடன் அடைக்க வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வளைவில் உட்கார்ந்து படித்த பெண் பரீட்சை எழுதினாள், கணிதத்தில் நல்ல சித்தி. துணைக்குப் போன தம்பி இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு கடையில் நிற்கிறான்.

ஆகஸ்ட் 18

"எல்லாவற்றையும் கொரோனா தலையில் போடாதீர்கள். பிள்ளைகள் பாடசாலையை விட்டது 2022 நெருக்கடியால்" என்று பண்டாரவளை அண்ணன் எழுதியிருக்கிறார். இரவு முழுக்க யோசித்தேன். பிரிக்கத்தான் வேண்டும்.

2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் வந்தது. நாங்கள் கொண்டாடினோம். உடனே பல தோட்டங்களில் நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், எடுக்காவிட்டால் அரைப்பேர். அந்த மேயில் இரசாயன உரத்துக்குத் தடை. கொழுந்து குறைந்தது, கிலோ எட்டவில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, மா விலை ஏறியது, பள்ளிக்கூட வேன் நின்றது. இதில் உரத் தடைக்கும் கொவிட்டுக்கும் சம்பந்தம் இல்லை, அது ஆட்சியாளர் எடுத்த முடிவு. அந்த அளவுக்கு அண்ணன் சொல்வது சரி.

ஆனால் 2022 வந்தபோது வீடுகளில் அடகு வைக்க நகை மிச்சம் இருக்கவில்லை, சீட்டுகள் உடைந்திருந்தன, கடைக் கொப்பி நிரம்பியிருந்தது. அவையெல்லாம் முன்னைய இரண்டு வருடத்தில் போனவை. காதுத் தோடு 2020 இல் போனது என்றால் 2022 இல் எதை வைப்பது? என் வகுப்பில் விட்டுப்போனவர்களின் பெயரை வரவு இடாப்பில் திரும்பப் பார்த்தேன். நெருக்கடிக்கு முன்னமே, 2021 இலேயே, வரவு நின்றுபோன பெயர்கள்தான் அதிகம்.

ஆகஸ்ட் 25

தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் முகாமும் தொற்றுநோய்த் தடுப்புக்குத்தானா என்று கேட்டவருக்கு. ஆம், நம் ஆள்களைப் பொறுத்தவரை தொற்றுநோய்த் தடுப்பு என்பதே முகாமில்தான் தொடங்குகிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கொலராவில் வழியிலேயே செத்தார்கள். பிறகு தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் வைத்து, நாள் கணக்கில் நிறுத்தி, அம்மைப் பால் குத்தித்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். என் பாட்டியின் தாயார் அந்த முகாமில் தங்கியதைப் பாட்டி சொல்வார்: துணியைக் களைந்து கொடுத்துவிட்டு வரிசையில் நின்ற வெட்கத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லையாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவர்களும் அதே மண்டபத்தில்தான் இறங்கித் தங்கினார்கள், என் பெரியம்மா குடும்பம் உட்பட.

2020 இல் தோட்டத்துக்கு வெளியே போகக் கூடாது, வேலைக்கு மட்டும் போகலாம் என்றபோது பாட்டிக்கு அது புதிதாகத் தெரியவில்லை. "அப்பவும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

செப்டெம்பர் 1

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "வேலை கொடுத்ததையும் குறை சொன்னால் எப்படி?" என்கிறார். குறை சொல்லவில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் கொழுந்து முத்திப்போகும், மலை வீணாகும்; நாட்டுக்கு டொலர் வேண்டியிருந்தது. சரி. அப்படி விட முடியாத ஆள்கள் என்றால், கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) தோளோடு தோள் நிற்கிறவர்களுக்கு ஊசியும் முன்னால் வந்திருக்க வேண்டும். நாட்டில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 29. எங்கள் டிவிசனுக்கு ஊசி வந்தபோது டெல்டா வகைக் கொரோனாவும் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் இறந்தவர்களில் என்னோடு படித்த ஒருத்தியும் உண்டு, மூன்று பிள்ளைகள். அன்று மாலைவரை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள். தொட்டதா தொடவில்லையா என்பதற்கு என்னிடம் உள்ள பதில் அதுதான்.

செப்டெம்பர் 3

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி தனிச்செய்தியில் கேட்டதை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். 2021, 2022 இல் பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம், விண்ணப்பத்துக்குப் பாடசாலை தேவையில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் பையன்கள்தான் தயங்குகிறார்கள், லீவு கிடைக்காது என்று. உங்கள் வீட்டில், லயத்தில் அப்படி யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். கணிதமும் தமிழும் ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும், பழைய வினாத்தாள் கட்டும் இருக்கிறது. வெள்ளவத்தைத் தம்பியிடம் பேசிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.